வேப்பிங்கை சட்டபூர்வமாக்கலாமா? குட்டி ஜப்பான் சொல்லும் பதில்!

சிவகாசி, சாத்தூர், விருதுநகர்... எந்த ஊர்ப் பெட்டிக்கடையாக இருந்தாலும் உள்ளே என்ன இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு வரிசையில் சிகரெட் பாக்கெட், பக்கத்தில் பீடிக்கட்டு, ஓரத்தில் தீப்பெட்டி. மூன்றையும் சட்டப்படி விற்கலாம். வேப்பை மட்டும் விற்கக் கூடாது. விற்றால் ஜெயில்.

ஆனால் அதே வேப், டெலிகிராம் குரூப்பிலும் இன்ஸ்டாகிராம் மெசேஜிலும் மாம்பழம், புதினா, தர்பூசணி என வரிசை கட்டி நிற்கிறது. 'சிகரெட்டை விடவே ஆபத்து கம்மின்னு சொல்றாங்க. சிகரெட் விற்கலாம், இதை விற்கக் கூடாதா? இது என்ன லாஜிக்?' என்று உங்கள் நண்பர் ஒருவராவது கேட்டிருப்பார். கேள்வி நியாயமானதுதான். வேப்பை சட்டபூர்வமாக்கினால் நமக்கு என்ன லாபம், என்ன நஷ்டம்?

இதற்கு டெல்லியிலோ லண்டனிலோ பதில் தேடுவதைவிட விருதுநகர் மாவட்டத்தில் தேடுவது நல்லது. ஏன் என்றால், ஆபத்தான ஒரு பொருளைத் தடை செய்தால் என்ன ஆகும், அனுமதித்தால் என்ன ஆகும் என்ற இரண்டு பாடத்தையும் பல வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கும் பூமி இது.

முதலில், சட்டம் என்ன சொல்லுது?

தமிழ்நாடு அரசு 2018-லேயே மின் சிகரெட்டுக்குத் தடை போட்டுவிட்டது. அடுத்த வருஷம், 2019 செப்டம்பர் 18-ஆம் தேதி, மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. டிசம்பரில் அது முழுச் சட்டமாகவே ஆனது. தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, விற்பனை, விநியோகம், விளம்பரம் என எல்லாமே தடை. முதல் முறை மாட்டினால் ஒரு வருஷம் வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் மாட்டினால் 3 வருஷம் வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். இருப்பு வைத்திருந்தால் 6 மாதம் வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கவனித்தீர்களா? 'இழுப்பது' அந்தப் பட்டியலில் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு 'யூஸ் பண்ணா தப்பில்ல பாஸ்' என்று ரீல்ஸ் போடுபவர்கள் உண்டு. ஆனால் வெளிநாட்டு வெப்சைட்டில் ஆர்டர் போட்டு வரவழைத்தால் அது இறக்குமதி. நண்பர்களுக்கு இரண்டு வாங்கி ஒன்றைக் கைமாற்றினால் அது விற்பனை. எல்லைக் கோடு அவ்வளவு மெல்லிசு.

தடை எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பதற்கு ஒரு உதாரணம் போதும். 2025 டிசம்பரில், மக்களவைக்குள்ளேயே ஒரு எம்.பி. மின் சிகரெட் இழுக்கிறார் என்று இன்னொரு எம்.பி. சபாநாயகரிடம் புகார் சொன்னார். சட்டம் போட்ட சபைக்குள்ளேயே இப்படி ஒரு புகார் என்றால், நம்ம ஊர் காலேஜ் ஹாஸ்டலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

'அனுமதிக்கலாம்' என்பவர்கள் சொல்வது என்ன?

அவர்களின் முதல் வாதம் எளிமையானது. சிகரெட்டில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் எரியும் புகைதான். புகையிலை எரியும்போது தார், கார்பன் மோனாக்சைடு என ஆயிரக்கணக்கான ரசாயனங்கள் உள்ளே போகின்றன. வேப்பில் எதுவும் எரிவதில்லை. ஒரு சின்ன பேட்டரி, ஒரு கம்பிச்சுருள், நிக்கோட்டின் கலந்த ஒரு திரவம். சுருள் சூடாகி, திரவம் ஆவியாகி, அதைத்தான் இழுக்கிறார்கள். 2015-இல் இங்கிலாந்தின் பொது சுகாதாரத் துறை, சிகரெட்டைவிட இது சுமார் 95% ஆபத்து குறைவு என்று சொன்னது. அந்த எண்ணிக்கை எப்படி வந்தது என்று நிறைய டாக்டர்கள் சண்டை போட்டார்கள். ஆனால் பல வருஷமாக சிகரெட் பிடிக்கும் ஒருவர் அதை முழுசாக விட்டுவிட்டு வேப்புக்கு மாறினால் அவருக்கு ஆபத்து குறையும் என்பதை அங்கே பெரும்பாலான மருத்துவ அமைப்புகள் ஒப்புக்கொள்கின்றன.

இரண்டாவது, சிகரெட்டை விடுவதற்கு இது உதவுகிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பின் கணக்குப்படி, நிக்கோட்டின் சூயிங்கம், பேட்ச் மாதிரியானவற்றைப் பயன்படுத்தும் 100 பேரில் சுமார் 6 பேர் புகையை விடுகிறார்கள். நிக்கோட்டின் வேப் பயன்படுத்துபவர்களில் சுமார் 8 முதல் 10 பேர். பெரிய மேஜிக் இல்லை. ஆனால் வித்தியாசம் நிஜம்.

மூன்றாவது, கள்ளச் சந்தையில் விற்பதற்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சட்டபூர்வமாக்கினால் நிக்கோட்டின் அளவுக்கு வரம்பு வைக்கலாம், லேபிள் கேட்கலாம், வரி போடலாம்.

நான்காவது வாதம் கொஞ்சம் காரமானது. சிகரெட் கம்பெனியான ஐடிசி-யில் பொதுத்துறை நிறுவனமான எல்ஐசி-க்கு பெரிய பங்கு இருக்கிறது. 2019-இல் வேப் தடை அறிவிப்பு வந்த அன்றே சிகரெட் கம்பெனிகளின் பங்கு விலை ஏறியது. 'அப்போ யாரைக் காப்பாத்த இந்தத் தடை?' என்று கேட்பவர்களைத் தப்பு சொல்ல முடியாது.

'வேண்டவே வேண்டாம்' என்பவர்கள் சொல்வது?

அமெரிக்காவைப் பாருங்கள் என்கிறார்கள். அங்கே 2019-இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 27.5% பேர் வேப் இழுத்துக்கொண்டிருந்தார்கள். சிகரெட்டை விட முடியாமல் தவித்த 45 வயதுக்காரருக்காக வந்த பொருள், சிகரெட்டையே தொடாத 16 வயதுப் பையன் கையில் போய் உட்கார்ந்தது. கெடுபிடிகள் வந்த பிறகு 2024-இல் அது 7.8% ஆக இறங்கியது. ஆனால் நடுவில் ஒரு தலைமுறை நிக்கோட்டினுக்குப் பழகிவிட்டது. மூளை சுமார் 25 வயது வரை வளர்ந்துகொண்டே இருக்கும். அந்த வயதுக்குள் நிக்கோட்டின் போனால் கவனம், ஞாபகம், மனநிலை எல்லாவற்றிலும் கை வைக்கும்.

அதே 2019-இல் அமெரிக்காவில் வேப் இழுத்தவர்களுக்குத் திடீரென நுரையீரல் பாதிப்பு வந்தது. 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள் அல்லது இறந்தார்கள். இறந்தவர்கள் 68 பேர். பெரும்பாலும் காரணம், கஞ்சா எண்ணெய் வேப்பில் கலந்திருந்த 'வைட்டமின் ஈ அசிடேட்' என்ற பொருள். அது பெரும்பாலும் கள்ளச் சந்தைச் சரக்கு. இதை ரெண்டு பக்கமும் தங்களுக்குச் சாதகமாகப் பேசுகிறார்கள். 'பார்த்தீங்களா, வேப் கொல்லுது' என்பது ஒரு பக்கம். 'பார்த்தீங்களா, கள்ளச் சந்தை கொல்லுது' என்பது இன்னொரு பக்கம்.

இந்தியாவுக்கென்றே ஒரு வாதம் இருக்கிறது. எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமாகப் படுகிறது. 2016-17 தேசிய சர்வேயின்படி, நம் நாட்டில் வயதுவந்தவர்களில் 28.6% பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலை பயன்படுத்துகிறார்கள். அதில் நான்கில் மூன்று பேர் மெல்லும் புகையிலைக்காரர்கள். புகைப்பவர்களிலும் பீடிக்காரர்கள் 7.7%, சிகரெட்காரர்கள் 4% தான். தமிழ்நாட்டில் மொத்தப் பயன்பாடு, அதற்கு முந்தைய சர்வேயில் இருந்த 16.2%-லிருந்து 20% ஆக ஏறியிருந்தது.

இப்போது நீங்களே கணக்குப் போடுங்கள். கட்டட வேலை பார்க்கும் ஒரு பீடிக்கார அண்ணாச்சி, பல நூறு ரூபாய் கொடுத்து வேப் வாங்கி, அதற்கு சார்ஜ் போட்டு, திரவம் ரீஃபில் செய்து பீடியை விடுவாரா? புகையிலையை வாயில் அடக்கும் அக்காவுக்கு வேப் எதற்கு? ஆக, வேப்பின் லாபம் போய்ச் சேருவது பெரும்பாலும் நகரத்து சிகரெட்காரர்களுக்கு. அதன் நஷ்டம் மட்டும் எல்லா ஊர் பள்ளிக்கூடத்து வாசலுக்கும் வரும். லண்டன் கணக்கை அப்படியே விருதுநகருக்குக் காப்பி பேஸ்ட் பண்ண முடியாது என்பதற்குக் காரணம் இதுதான்.

தீப்பெட்டி ஆபீஸ் கணக்கு

சட்டபூர்வமாக்கினால் யாருக்கு வேலை போகும் என்று யாரும் பேசுவதில்லை. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி பக்கம் உறவுக்காரர்கள் இருந்தால் தீப்பெட்டி ஆபீஸ் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1922-இல் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் கல்கத்தா போய்த் தொழில் கற்றுக்கொண்டு வந்து தொடங்கி வைத்த கதை, இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். இன்றைக்கும் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தத் தொழிலை நம்பி இருக்கிறார்கள். அதில் பெரும்பாலோர் பெண்கள்.

அவர்களை ஏற்கெனவே ஒரு பொருள் ஆட்டிவைத்தது. பத்து ரூபாய் பிளாஸ்டிக் லைட்டர்! 2022 செப்டம்பரில் முதல்வர் ஸ்டாலின் மத்திய அரசுக்கு எழுதிய கடிதத்தில், ஒரு லைட்டர் 20 தீப்பெட்டிகளின் இடத்தைப் பிடித்துவிடுகிறது என்று சொல்லி, அதைத் தடை செய்யக் கேட்டார். 2023 ஜூனில், 20 ரூபாய்க்குக் குறைவான மதிப்புள்ள லைட்டர்களின் இறக்குமதிக்குத் தடை வந்தது. உடனே உதிரி பாகங்களாக வரவழைத்து இங்கே மாட்டி விற்கிறார்கள் என்று புகார் கிளம்பியது. 2024-இல் உதிரி பாகங்களுக்கும் கட்டுப்பாடு வந்தது. ஒரு ஓட்டையை அடைத்தால் இன்னொரு ஓட்டை.

லைட்டராவது நெருப்பைக் கொடுத்தது. வேப்புக்கு நெருப்பே தேவையில்லை. அது பரவலானால் தீப்பெட்டிக்கு இன்னொரு அடி விழும். ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 'தீப்பெட்டி விற்கணும், அதனால ஜனங்க பீடி சிகரெட் பிடிக்கணும்' என்பது நியாயமே இல்லை. இந்தியாவில் புகையிலையால் வருஷத்துக்கு 13 லட்சம் பேருக்கு மேல் சாகிறார்கள். 2017-18-இல் மட்டும் புகையிலை நோய்களால் நாட்டுக்கு ஏற்பட்ட பொருளாதார இழப்பு சுமார் 1.77 லட்சம் கோடி ரூபாய். தீப்பெட்டி ஆபீஸ் அக்காவுக்கு வேறு வேலை தேடிக் கொடுப்பது அரசாங்கத்தின் பொறுப்பு. அவரைக் காட்டி வேப்பைத் தடுப்பதும் தப்பு, அவரை மறந்துவிட்டு வேப்பைத் திறந்துவிடுவதும் தப்பு.

பட்டாசு ஆபீஸுக்குள் வேப் போனால்?

இந்த ஏரியாவுக்கே உரிய இன்னொரு பிரச்னை உண்டு. பட்டாசு ஆலைக்குள் பீடி, தீப்பெட்டி, செல்போன் எதுவும் கொண்டு போகக் கூடாது. உடம்பில் சேரும் நிலை மின்சாரம்கூட ஆபத்து என்பதால், மருந்து அறைக்குள் நுழையும் முன் தரையோடு இணைத்த உலோகத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போகச் சொல்வார்கள். பருத்தித் துணிதான் உடுத்தச் சொல்வார்கள்.

பீடி பிடித்தால் வாசனை காட்டிக்கொடுக்கும், புகை காட்டிக்கொடுக்கும். வேப்? பேனா மாதிரி, பென் டிரைவ் மாதிரி இருக்கும். பாக்கெட்டில் கிடந்தால் மேஸ்திரிக்குத் தெரியாது. 'நெருப்பே இல்லையே, என்ன ஆகப்போகுது?' என்று ஒரு பையன் நினைத்துவிட்டால் முடிந்தது. உள்ளே இருப்பது சூடாகும் கம்பிச்சுருளும் லித்தியம் பேட்டரியும். இன்னொரு பக்கம், தூக்கி எறியும் வேப்களின் குப்பை. பிரிட்டனில் 2023-இல் வாரத்துக்கு சுமார் 50 லட்சம் வேப்கள் குப்பைக்குப் போனதாகக் கணக்கு. குப்பை லாரியில் பேட்டரி நசுங்கித் தீப்பிடிப்பது அங்கே வாடிக்கையாகிவிட்டது. குப்பைக்குத் தீ வைப்பது சகஜமாக இருக்கும் நம் ஊரில் அது எங்கே போய் முடியும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்போ தடையே போதுமா?

இங்கேதான் முதல் பாடம். தமிழ்நாட்டில் குட்காவுக்குத் தடை 2001-லேயே வந்துவிட்டது. 2013-இல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மறுபடியும் தடை. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்ய, ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. தடை போட்டு இத்தனை வருஷம் ஆன பிறகும் 'குட்கா பறிமுதல்' செய்தி இல்லாத வாரம் உண்டா?

பள்ளிக்கூடப் பசங்களிடம் 'கூல் லிப்' பற்றிக் கேட்டுப் பாருங்கள். உதட்டுக்கு அடியில் வைக்கும் அந்தச் சின்னப் பொட்டலத்தை டீச்சருக்குத் தெரியாமல் வகுப்பிலேயே வைத்துக்கொள்கிறார்கள். 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இதை நாடு முழுவதும் பாதுகாப்பற்ற உணவுப் பொருளாக ஏன் அறிவிக்கக் கூடாது என்றே கேட்டது. நம் மாநிலத்தில் மட்டும் தடை, பக்கத்து மாநிலத்தில் தாராளம் என்றால், லாரியும் பஸ்ஸும் ஓடிக்கொண்டுதானே இருக்கும்?

பட்டாசிலும் இதே கதைதான். டெல்லியில் வருஷக்கணக்கில் முழுத் தடை இருந்தும் தீபாவளி ராத்திரி வானம் வெடித்துக்கொண்டுதான் இருந்தது. கடைசியில் 2025 தீபாவளிக்கு, பசுமைப் பட்டாசை மட்டும் குறிப்பிட்ட நேரத்தில் வெடிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் இறங்கி வந்தது. தடை செய்த பொருள் காணாமல் போவதில்லை. விலை ஏறுகிறது, தரம் இறங்குகிறது, விற்பவன் வயசு கேட்பதில்லை.

சரி, அனுமதிச்சா எல்லாம் சரியாகிடுமா?

இரண்டாவது பாடம் இது. 'தடை வேண்டாம், விதிமுறை போட்டுக் கட்டுப்படுத்துங்க' என்பது கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இந்தியாவில் பட்டாசுத் தொழில் அளவுக்கு விதிமுறை எழுதப்பட்ட தொழில்கள் குறைவு. சின்ன ஆலைக்கு மாவட்ட நிர்வாகம் உரிமம் தர வேண்டும். நடுத்தர ஆலைக்குச் சிவகாசியில் இருக்கும் மத்திய வெடிபொருள் துறை அலுவலகம். பெரிய ஆலைக்கு நாக்பூர் தலைமை அலுவலகம். ஒரு அறையில் எத்தனை பேர் உட்காரலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம், அறைக்கும் அறைக்கும் எவ்வளவு இடைவெளி என எல்லாமே எழுத்தில் இருக்கிறது.

அப்படியிருந்தும் 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் சுமார் 40 பேர் கருகினார்கள். 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டவர்கள் பலி. உரிமம் ஒருவர் பெயரில், வேலை நடப்பது வேறு பலர் கையில். அறை அறையாக உள்குத்தகைக்கு விட்டிருந்தார்கள் என்பது பிறகுதான் வெளியே வந்தது. 2025 ஜூலை 1-ஆம் தேதி சின்னக்காமன்பட்டியில் மறுபடியும் வெடித்து உயிர்கள் போயின. விதி இல்லாததால் இவர்கள் சாகவில்லை. விதி இருந்தது, போய்ப் பார்க்க ஆள் இல்லை. அல்லது போய்ப் பார்த்தவர் பார்த்ததைச் சொல்லவில்லை.

2018 அக்டோபர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் கலந்த பட்டாசுக்கும் தடை போட்டது. மூன்று வருஷம் கழித்து, 2021 அக்டோபரில், அதே தடையை அதே நீதிமன்றம் மறுபடியும் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

இப்போது வேப்புக்கு வாருங்கள். 'லிட்டருக்கு இவ்வளவு நிக்கோட்டின், 18 வயசுக்கு மேல மட்டும், ஃப்ளேவருக்குக் கட்டுப்பாடு' என்று விதி எழுதுவது ஒரு நாள் வேலை. கடை கடையாகப் போய்ப் பார்ப்பது யார்? நம் ஊரில் 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு சிகரெட் விற்கக் கூடாது, பள்ளிக்கூடத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்கக் கூடாது என்று 2003-லிருந்து சட்டம் இருக்கிறது. உங்கள் பள்ளிக்கூட வாசலிலிருந்து எத்தனையாவது கடையில் சிகரெட் கிடைத்தது என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். அந்தக் கடைதான் நாளைக்கு வேப்பும் விற்கும்.

வெளியூர்க்காரர்கள் என்ன செய்தார்கள்?

மலேசியாவில் இருக்கும் சொந்தக்காரர்களைக் கேட்டால் சுவாரஸ்யமான ஒரு கதை கிடைக்கும். அங்கே 2023 மார்ச் 31-ஆம் தேதி, வேப் திரவத்தில் இருக்கும் நிக்கோட்டினை விஷப் பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். மறுநாளிலிருந்து வரி வசூல். ஆனால் வயது வரம்பு உள்ளிட்ட கட்டுப்பாட்டுச் சட்டம் அமலுக்கு வந்தது 2024 அக்டோபர் 1-ஆம் தேதி! நடுவில் ஒன்றரை வருஷம், குழந்தைகளுக்கு நிக்கோட்டின் வேப் விற்பதைத் தடுக்கச் சட்டமே இல்லை. வரிக்கு இருந்த அவசரம் பிள்ளைகளுக்கு இல்லை. இப்போது அங்கே முழுத் தடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

பக்கத்து சிங்கப்பூர் நேர் எதிர். 2018 பிப்ரவரியிலிருந்து வாங்குவது, வைத்திருப்பது, இழுப்பது எல்லாமே குற்றம். ஆனாலும் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்தாகப் பயன்படும் 'எட்டோமிடேட்' கலந்த வேப்கள் உள்ளே வந்துவிட்டன. 2025 செப்டம்பர் 1-ஆம் தேதியிலிருந்து தண்டனையை இன்னும் கடுமையாக்கினார்கள். அவ்வளவு சின்ன நாடு, அவ்வளவு பலமான போலீஸ். அவர்களுக்கே இது சுலபமாக இல்லை.

பிரிட்டனில் சிகரெட்டை விடுவதற்கு அரசு மருத்துவத் துறையே வேப்பைப் பரிந்துரைக்கிறது. அதே நாடு, 2025 ஜூன் 1-ஆம் தேதியிலிருந்து, தூக்கி எறியும் வேப்பைத் தடை செய்துவிட்டது. விலை குறைவு, கலர் அதிகம், பிள்ளைகள் கையில் சுலபமாகச் சிக்குகிறது என்பதும் ஒரு காரணம். ஆஸ்திரேலியா வேறு வழி பிடித்தது. 2024 ஜூலையிலிருந்து மருந்துக்கடையில் மட்டும்தான் விற்க வேண்டும் என்றது. வேப்பை 'ஸ்டைல்' வரிசையிலிருந்து எடுத்து 'மருந்து' வரிசையில் வைக்கும் முயற்சி அது. அங்கேயும் கள்ளச் சந்தை ஒழியவில்லை. ஆனால் யோசனை கவனிக்க வேண்டியது.

அப்போ முடிவு என்ன?

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இன்றைய நிலையில் வேப்பைப் பெட்டிக்கடையில் விற்க அனுமதிப்பது நமக்கு நஷ்டம்தான். விஞ்ஞானம் தப்பு என்பதால் இல்லை. அந்த விஞ்ஞானம் சொல்லும் லாபம் கிடைக்க, கடைக்குப் போய்ப் பார்க்கும் ஒரு நேர்மையான ஆள் வேண்டும். அந்த ஆள் நம்மிடம் இல்லை என்பதை முதலிப்பட்டியும் அச்சங்குளமும் சொல்லிவிட்டன.

ஆனால் 'தடை இருக்கு, வேலை முடிஞ்சுது' என்று அரசு கைகழுவுவதையும் ஏற்க முடியாது. சிகரெட்டை முழுசாக விற்கவிட்டு, அதை விட நினைப்பவனுக்கு ஒரு வழியையும் காட்டாமல் இருப்பது நியாயமில்லை. மூன்று வேலைகளை முதலில் செய்யட்டும்.

ஒன்று, இருக்கும் சட்டத்தை நடத்திக் காட்டட்டும். 100 கஜம் விதியையும் 18 வயது விதியையும் ஒரே ஒரு மாவட்டத்திலாவது உண்மையாக அமல்படுத்தட்டும். அது முடிந்தால், வேப்புக்கும் விதி போட்டுக் கட்டுப்படுத்தலாம் என்ற பேச்சில் கொஞ்சம் நம்பிக்கை வரும்.

இரண்டு, தாலுகா ஆஸ்பத்திரியிலும் பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளின் மருத்துவ முகாம்களிலும் நிக்கோட்டின் சூயிங்கமும் ஆலோசனையும் இலவசமாகக் கிடைக்கட்டும். பீடிக்கார அண்ணாச்சிக்கும் கூல் லிப் தம்பிக்கும் உதவுவது இதுதான், மாம்பழ ஃப்ளேவர் வேப் இல்லை.

மூன்று, இந்த ரெண்டும் நடந்த பிறகும் சிகரெட்டை விட முடியாதவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காக மட்டும், டாக்டர் சீட்டோடு மருந்துக்கடையில், ஃப்ளேவர் இல்லாமல், விளம்பரம் இல்லாமல் வேப்பைக் கொடுக்கலாமா என்று ஆராயட்டும். கதவை மூடியே வைத்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. வாட்ச்மேன் வந்த பிறகு திறக்கலாம் என்கிறேன்.

உங்களுக்கு ஒரு வார்த்தை

நீங்கள் சிகரெட்டே தொடாதவர் என்றால், 'வேப் சேஃப்' என்ற கணக்கு உங்களுக்கானது இல்லை. அது சிகரெட்டோடு ஒப்பிட்டுச் சொன்னது. சுத்தமான காற்றோடு ஒப்பிட்டால் நிக்கோட்டின் எப்போதும் நஷ்டம்தான்.

ஏற்கெனவே சிகரெட்டோ வேப்போ பழகிவிட்டது, விட வேண்டும் என்று தோன்றுகிறது என்றால், 1800-112-356 என்ற இலவச எண்ணுக்குக் கூப்பிடுங்கள். புகையிலையை விட உதவும் தேசிய உதவி மையம் அது. சிகரெட் பாக்கெட்டிலேயே அந்த எண் அச்சாகி இருக்கும். படத்தைப் பார்க்கப் பிடிக்காமல் திருப்பி வைப்பதால் பல பேர் அதைக் கவனிப்பதே இல்லை.

அப்புறம், பட்டாசு ஆபீஸிலோ தீப்பெட்டி ஆபீஸிலோ வேலை பார்க்கும் தம்பி, தங்கை யாராவது உங்களுக்கு இருந்தால் இதை அவர்களுக்கு அனுப்புங்கள். 'நெருப்பு இல்லாத சிகரெட்' என்று யாராவது நீட்டினால், கேட்டுக்குள்ளே அதையும் நெருப்பாகவே நினைக்கச் சொல்லுங்கள்.